கேள்வி கேட்ட அக்காவுக்கு நான் கார்டியன்

அந்த அக்காவின் பேரை எழுத மாட்டேன். எழுதினால், "ஏன் எழுதினே? யாரக் கேட்டுகினு எழுதினே? எழுதறதுக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்று மூணு கேள்வி வரும். இப்போது அவங்க எங்கே இருக்காங்களோ தெரியாது. இருந்தாலும் பயம்தான்.

கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்தது. ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மகராசன் வரிசையாக ஓட்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். முதல் வீட்டில் அக்கா. அவங்க வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் போர்மேன். கடைசி வீட்டில் நாங்கள். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் அந்த போர்மேனுக்குக் கீழே ஹெல்பர். கம்பெனிக்குள்ளே யார் முன்னால் யார் பின்னால் நிற்கணுமோ, அதே வரிசையில்தான் வெளியிலும் குடியிருந்தோம். குழாயில் தண்ணி பிடிப்பதும் அதே வரிசை. எங்கள் முறை வரும்போது குழாய் காற்று விடும்.

நான் திருவாலங்காட்டுப் பக்கம் பிறந்தவள். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அந்த அஞ்சு வருசத்தில் வாத்தியாரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், வெளிய போவட்டா?" அதையும் விரலைக் காட்டித்தான் கேட்டேன், வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமான புதுசில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தேன். பட்டணத்தில் வண்டி மாறி உட்கார்ந்தேன். கும்மிடிப்பூண்டி வந்துவிட்டதா என்று பக்கத்தில் இருந்தவங்களைக் கேட்க வெட்கம். வண்டி நிற்கும், கிளம்பும். கடைசியில் ஸ்டேஷன் பேர் தெலுங்கில் இருப்பதைப் பார்த்து அலறி இறங்கினேன். தடா. ஆந்திராவுக்குள் போய்விட்டிருந்தேன். அடுத்த வண்டி பிடித்து வீடு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், விடிவதற்குள் விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் அக்கா பிடித்துக்கொண்டாங்க.

"ஏன் பொண்ணு, வண்டியில ஜனமே இல்லியா?"

"இருந்தாங்கக்கா."

"எல்லாரும் ஊமையா?"

"இல்லக்கா."

"அப்போ நீ ஊமையா?"

நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியாதத கேட்டா இன்னா கொறஞ்சி பூடும்? இன்னும் கொஞ்சம் வெக்கப்பட்டிருந்தீன்னா கல்கத்தாவையே பாத்துட்டு வந்திருப்பே!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவங்க நிஜமாகவே கேட்டாங்க. அதுதான் அவங்களிடம் உள்ள சிக்கல். மற்றவங்க பேச்சுக்குக் கேட்பாங்க. அக்கா பதில் வேணும் என்று கேட்பாங்க.

பழவேற்காட்டிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்கார அம்மா எங்கள் வரிசைக்குள் நுழையும்போது, முதல் வீட்டைத் தாண்டும் வரைக்கும் கூவ மாட்டாங்க. ஆனாலும் அக்கா விட மாட்டாங்க.

"மடவ இன்னிக்கி புடிச்சதா?"

"இன்னிக்கிதாம்மா."

"போன வாரம் சேத்து வாசன அடிச்சிது, இன்னிக்கி அடிக்கல. ஏன்?"

மீன்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாங்க. "யம்மா, நீ மீனு வாங்குறியா, மீனுக்கு ஜாதகம் எழுதுறியா?"

"வாங்கத்தான். ஆனா ஏன்?"

"முகத்துவாரம் தொறந்து ஏரியில கடல் தண்ணி ஏறிகீது. அத்தான். போதுமா?"

"போதும். ரெண்டு குடு."

பதில் கிடைத்துவிட்டால் அக்காவின் முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த மாதிரி ஆகிவிடும். கிடைக்காவிட்டால் அந்தக் கேள்வியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாங்க. அடுத்த வருசமானாலும் அவிழ்ப்பாங்க.

அப்படி முடிந்து வைத்ததில் ரொம்ப வயசான கேள்வி ஒன்று இருந்தது. அது போர்மேனுக்கு மட்டும் உரியது.

அக்கா பொன்னேரியில் பள்ளிக்கூடம் முடித்து, பட்டணத்துக் காலேஜில் பி.யூ.சி. சேர்ந்து மூணே மாசம் போனாங்களாம். அதற்குள் போர்மேன் வீட்டார் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அக்காவின் அப்பா, அவரை நைனா என்றுதான் சொல்வாங்க, "பொண்ணு படிச்சிகினு கீதே" என்று இழுத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில், எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் சொல்வதையே சொன்னார்கள். "அதுக்கின்னா, கல்யாணத்துக்கப்புறம் நாங்க படிக்க வெக்கிறோம்." தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்.

இந்தப் பேச்சுக்கு 'இனிமேல் படிப்பு கிடையாது' என்பதுதான் அர்த்தம். சொல்கிறவங்களுக்கும் தெரியும், கேட்கிறவங்களுக்கும் தெரியும், வெற்றிலைத் தட்டைத் தூக்கி வருகிற பிள்ளைக்கும் தெரியும். அக்கா ஒருத்திக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. நிஜம் என்று நம்பிவிட்டாங்க. கல்யாணமான மறுவாரமே, "எப்போலேர்ந்து போவட்டும்?" என்று கேட்டாங்களாம்.

"ஒரு கொழந்த பொறக்கட்டும்" என்றார் போர்மேன். பிறந்தது. "கொழந்த நடக்கட்டும்." நடந்தது. "பள்ளிக்கூடம் போவட்டும்." போனது. "வயசுக்கு வரட்டும்." வந்தது. "அதுக்கொரு கல்யாணம் ஆவட்டும்." அதற்குமேல் சொல்ல போர்மேனிடம் சரக்கு இல்லை.

அந்த மகளின் நிச்சயதார்த்தத்தில் நானும் இருந்தேன். சம்பந்தி பெரிய மனசு பண்ணி, "பொண்ணு ஆசப்பட்டா கல்யாணத்துக்கப்புறம் நாங்க படிக்க வெக்கிறோம்" என்றார். சபை தலையாட்டியது.

"எந்த வருசம்?" என்று கேட்டாங்க அக்கா.

சம்பந்திக்குப் புரையேறிவிட்டது. மகள்தான் காப்பாற்றியது. "எனுக்குப் படிப்பே வேணாம்மா. உனுக்கு வேணும்னா நீ போய்ப் படி!" எல்லாரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அக்கா மட்டும் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டாங்க.

கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பும்போது வரிசையே அழுதது. போர்மேன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். வேன் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனதும், அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பினாங்க.

"இன்னாங்க, அதுக்கும் கல்யாணம் ஆயிட்ச்சி. இப்போ சொல்லுங்க, எந்தக் காலேஜி?"

"இந்த வயசுலயா?"

"வயசப் பத்தி தாம்பூலத்துல பேசலியே?"

போர்மேன் அழுத முகத்தோடு பிழை செய்தார். "எவன் சேத்துப்பான் உன்ன? போய்க் கேட்டுப்பாரு" என்று சொல்லிவிட்டார். கேட்டுப்பாரு என்று அந்த அக்காவிடம் போய்ச் சொல்லலாமா?

பட்டணத்துக்கு இந்தப் பக்கம், ரயிலை விட்டு இறங்கி நடக்கிற தூரத்தில் பெண்களுக்கென்று புதுசாக ஒரு காலேஜ் திறந்திருந்தார்கள். பெஞ்சு அதிகம், பெண் குறைவு. ஆபீசில் இருந்த கிளார்க் தலை நிமிராமல், "பொண்ண வெளிய உக்கார வெச்சிட்டு நீங்க வாங்கம்மா" என்றாராம். "நான்தான் பொண்ணு" என்றாங்க அக்கா. அவர் எழுந்து ஒருதரம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாராம், வேறு யாராவது இருந்துவிடப் போகிறார்கள் என்று. ரூல் புத்தகத்தைப் புரட்டினார்கள். வயசு கம்மியாக இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அதிகமாக இருக்கக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. சேர்த்துக்கொண்டார்கள்.

காலை வண்டியில் அக்கா போவதைப் பார்க்கவே பிளாட்பாரத்தில் ஒரு கூட்டம் சேரும். தாலி, மெட்டி, காது பக்கத்தில் நரை, மார்போடு அணைத்த புத்தகம். டிக்கெட் பரிசோதகர் சீசன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டூடண்ட் கன்செஷன்னு போட்டிருக்கே, ஸ்டூடண்ட் எங்க?"

"எதுர்ல நிக்கிறேனே."

"வெளயாடாதம்மா. உன் வயசு இன்னா?"

"இந்தச் சீட்டுல வயசு எங்க போட்டுகீது? காட்டுங்க."

அவர் காட்ட முடியவில்லை. மறுநாளிலிருந்து அக்கா ஏறும் பெட்டியை விட்டுவிட்டு அடுத்த பெட்டியில் ஏறினார்.

காலேஜில் விளையாட்டு விழா வந்தது. பி.யூ.சி. பெண்கள் எல்லாரும் ஓடியே ஆகணும் என்று ரூல். அக்கா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாங்க. பாதி தூரத்தில் நின்று, விசில் வைத்திருந்த டீச்சரைக் கேட்டாங்களாம். "இதுல ஜெயிச்சா இன்னா தருவீங்க?"

"சோப்பு டப்பா! ஓடுங்க, ஓடுங்க!"

"எங்க ஊட்ல ஒண்ணு கீதே" என்று சொல்லிவிட்டு மிச்ச தூரத்தை நடந்தே போனாங்களாம்.

இதை எல்லாம் சாயங்காலம் குழாயடியில் எங்களுக்குச் சொல்வாங்க. சிரித்துச் சிரித்து என் குடம் வழியும். அக்காவுக்கு எது சிரிப்பு என்றே தெரியாது.

வம்பு வந்தது சரித்திர வகுப்பில். அந்த மிஸ்ஸுக்கு அக்கா மகளைவிட இரண்டு மூணு வயசுதான் கூட இருக்கும். நல்ல பெண்தானாம். ஒரு பழைய நோட்டிலிருந்து படிப்பாங்க, பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்த நோட்ஸ் அவங்க படிக்கும்போது அவங்க மிஸ் சொல்லி எழுதினது. அந்த மிஸ்ஸுக்கு அவங்க மிஸ். கோயில் தீர்த்தம் மாதிரி கைமாறிக் கைமாறி வந்தது. நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

எந்த ராஜாவைப் பற்றிச் சொன்னாலும் கடைசியில், "சாலை ஓரங்களில் மரம் நட்டார்" என்று வருமாம். நாலாவது ராஜாவும் மரம் நட்டபோது அக்கா எழுந்தாங்க.

"மிஸ், நட்ட மரத்துக்கெல்லாம் தண்ணி யாரு ஊத்துனாங்க?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் கம்பெனியில் வருசா வருசம் மரம் நடுகிற விழா நடக்கும். குடும்பத்தோடு கூப்பிடுவார்கள், மிக்சரும் காப்பியும் கொடுப்பார்கள். பெரிய மேனேஜர் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று நடுவார். போட்டோ எடுப்பார்கள். அடுத்த வருசம் புதுக்குழி தோண்டுகிற வேலையே கிடையாது. போன வருசக் குழி காலியாகத்தான் இருக்கும், அதிலேயே மறுபடி நடுவார்கள். விழா ஏற்பாடு எல்லாம் போர்மேன். ஒரு வருசம் அக்கா கூட்டத்திலிருந்து இதையே கேட்டு, போர்மேன் பதறிப்போய், "ஷ்! அத்தெல்லாம் மேலிடம் பாத்துக்கும்" என்றார். "மேலிடம்னா மழையா?" என்று கேட்டாங்க அக்கா.

அப்போது முடிந்து வைத்த கேள்விதான் காலேஜில் அவிழ்ந்தது.

முதல் நாள் மிஸ், "உட்காருங்க" என்றாங்க. இரண்டாம் நாள், "அது பரீட்சைக்கு வராது" என்றாங்க. மூணாம் நாள் அக்கா எழுந்தபோது பின்னால் இருந்த பெண்களும், "ஆமா மிஸ், யாரு ஊத்துனாங்க?" என்று சேர்ந்துகொண்டார்கள். ஒரே சிரிப்பு. அந்த மிஸ் நோட்டை மூடிவிட்டு அழுதுகொண்டே வெளியே போய்விட்டாங்க.

பிரின்சிபால் அக்காவைக் கூப்பிட்டு, மற்றப் பெண்களுக்குச் சொல்வதையே சொன்னாங்க. "கார்டியனைக் கூட்டிட்டு வா. இனிமே வகுப்பில் தொந்தரவு பண்ண மாட்டான்னு அவங்க வந்து சொல்லணும். இல்லன்னா பேரை எடுத்துடுவோம்." திங்கட்கிழமை வரைக்கும்தான் தவணை.

அன்று சாயங்காலம் அக்கா குழாயடிக்கு வந்தாங்க. எதுவும் கேட்கவில்லை. குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போய்விட்டாங்க. எனக்குப் பயமாகிவிட்டது. மாரடைப்பு வந்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

போர்மேன் வரமாட்டேன் என்றார். முதல் வீட்டில் பேசுவது கடைசி வீடு வரைக்கும் கேட்கும். "கம்பெனியில என்னப் பாத்து அத்தினி பேரு எழுந்து நிக்கிறான். நான் போயி, என் பொண்டாட்டி கேள்வி கேட்டுட்டா, மன்னிச்சிக்கோங்கன்னு கை கட்டிகினு நிக்கணுமா? நான் படிக்க வெச்சேன். வாக்கு முடிஞ்சிது. அவங்களே வேணாம்னா நான் இன்னா பண்றது?" குரல் கோபமாக இருந்தது. ஆனால் மறுநாள் காலை ஒருதரம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சவரம் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைசி வீட்டுக்கு வந்தாங்க. வரிசையில் அதற்கு முன்னால் அவங்க அவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

"பொண்ணு, எனுக்கு நீ கார்டியனா வரியா?"

எனக்கு அப்போது இருபத்தஞ்சு வயசுகூட இல்லை. "நானா? கார்டியன்னா பெரியவங்க இல்லக்கா?"

"அத்தயும் கிளார்க்க கேட்டுட்டேன். சொந்தமா இருக்கணுமான்னேன், வேணாம்னாரு. படிச்சிருக்கணுமான்னேன், கையெழுத்து வந்தா போதும்னாரு. வயசுல மூத்தவங்களான்னு கேட்டதுக்கு, தல வலிக்கிது போங்கம்மான்னுட்டாரு. நீ ஒண்ணும் பேச வேணாம். 'இனிமே கேக்க மாட்டாங்க'ன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்."

"கேக்காம உங்களால இருக்க முடியுமாக்கா?"

அக்கா என் அடுப்பைப் பார்த்தாங்க. "போன தடவ மூணு மாசத்துல நின்னேன். இப்பவும் மூணாவது மாசம்தான் நடக்குது. மறுபடி சேர எனுக்கு இன்னொரு பொண்ணு இல்ல, கட்டிக் குடுக்கறதுக்கு."

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுத் தட்டை விட்டு எழுந்துவிட்டார். "போர்மேன் பொண்டாட்டிக்கு நீ கார்டியனா? அப்போ போர்மேனுக்கு நான் இன்னா, மாமனாரா? நாளைக்கே என்னக் கொண்டு போயி பாய்லர் கிட்ட நிக்க வெப்பான்மே!" பேஜாரு, பேஜாரு என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் காலையில் வண்டிக்கு நேரமாகிறது என்று என்னை எழுப்பியதும் அவர்தான்.

வண்டி முழுக்க நான் மனசுக்குள், 'இனிமே கேக்க மாட்டாங்க, இனிமே கேக்க மாட்டாங்க' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அக்கா எதிரில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாங்க. மீஞ்சூரில் ஒருத்தர் ஏறி, "இது பேசின் பிரிட்ஜில நிக்குமா?" என்று கேட்டார். கேள்வி காதில் விழுந்தும் அக்கா திரும்பவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

பிரின்சிபால் ரூமில் பெரிய மேஜை, மேலே ஃபேன். சரித்திர மிஸ் ஒரு பக்கம் நின்றிருந்தாங்க. நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அக்கா பின்னாலிருந்து லேசாகத் தள்ளினாங்க.

"கார்டியன் எங்கே?" என்றாங்க பிரின்சிபால்.

அக்கா என்னைக் காட்டினாங்க. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாங்க. "இவங்க உங்களுக்கு யாரும்மா?"

"பக்கத்து வரிச... இல்ல, அதே வரிசதான், கடசி வீடு" என்றேன்.

"சரி. உங்க பொண்ணு," என்று ஆரம்பித்து நிறுத்தி, "இவங்க, வகுப்பு நடத்த விடாம ஒரே கேள்வியைத் தினமும் கேட்கிறாங்க. கார்டியன்கிற முறையில நீங்க என்ன சொல்றீங்க?"

வண்டியில் சொல்லிப் பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாங்க, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. அந்த மூணு நாளாக எனக்குள்ளேயும் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. சாலை எவ்வளவு நீளம். மரம் எத்தனை. எங்கள் வரிசையில் பத்து வீட்டுக்கே குழாய் பத்தவில்லை. வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது.

"தண்ணி யாரு ஊத்துனாங்கன்னு சொல்லிட்டீங்கன்னா, அவங்க அப்புறம் கேக்க மாட்டாங்கம்மா."

சத்தியமாகச் சொல்கிறேன், எதிர்த்துப் பேசணும் என்று சொல்லவில்லை. சமாதானத்துக்கு வழி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பிரின்சிபால் என்னைப் பார்த்தாங்க. பிறகு மெதுவாக மிஸ் பக்கம் திரும்பினாங்க. "யாருங்க ஊத்தினாங்க?"

"நோட்ஸ்ல இல்லைங்க மேடம்" என்றாங்க மிஸ்.

பிரின்சிபாலுக்கு வாய் ஓரத்தில் ஏதோ வந்தது. சிரிப்பாகத்தான் இருக்கணும், கைக்குட்டையால் துடைத்துவிட்டாங்க. அவங்களுக்கும் ஒரு காலேஜ் நடத்தியாகணும், மிஸ்ஸையும் விட்டுக்கொடுக்க முடியாது. யோசித்து ஒரு ரூல் போட்டாங்க. "இனிமே ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். அதுவும் கார்டியன் பார்த்து, சரின்னு சொன்ன கேள்வி மட்டும்."

இப்படியாக, அஞ்சாவது படித்த நான், பி.யூ.சி. சரித்திரத்தில் எந்தக் கேள்வி கேட்கலாம் என்று முடிவு பண்ணுகிற ஆளானேன்.

அக்கா அந்த ரூலையும் தாம்பூலத்தை நம்பின மாதிரியே நம்பினாங்க. தினமும் சாயங்காலம் கடைசி வீட்டுக்கு வந்து, அன்றைக்குச் சேர்ந்த கேள்வியை எல்லாம் என் முன்னால் வைப்பாங்க. நான் உலை வைத்துக்கொண்டே கேட்பேன்.

"ராஜாவுக்கு அத்தினி ராணியாமே, எல்லாரும் ஒரே அரமனையில. தண்ணி புடிக்கிற வரிச எப்டி வெச்சிருப்பாங்க?"

"இத கேளுங்கக்கா."

"மிஸ், இந்த நோட்ஸ நீங்க எப்பவாச்சும் படிச்சிப் பாத்தீங்களா?"

"இது வேணாங்கக்கா."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

வேறு யார் சொன்னாலும் விடாத அக்கா, கார்டியன் சொன்னால் பேசாமல் இருந்தாங்க. பி.யூ.சி. முடித்து பி.ஏ. போனாங்க. என் வீட்டுக்காரர் பாய்லருக்குப் போகவில்லை. போர்மேன் என்னைக் குழாயடியில் பார்த்தால் மட்டும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொள்வார். கார்டியன் என்றால் ஏதோ கவர்மெண்டு உத்தியோகம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த மிஸ்கூட, பின்னால் பின்னால், அக்கா எழுவதற்கு முன்னாலேயே, "இன்னிக்கு உங்க கார்டியன் என்ன அனுப்பியிருக்காங்க?" என்று கேட்பாங்களாம்.

காலேஜுக்கு மட்டும் போட்ட ரூல் வெளியிலும் தொற்றிக்கொண்டது. நாலாவது வீட்டில் ஒருத்தர் வயிற்றுவலி என்று ஒரு மாசம் துடித்து இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் யாரிடமோ தாயத்துக் கட்டி வைத்திருந்தார்கள். சாவு வீட்டில் அந்தத் தாயத்துக்காரனே முன்னால் நின்று ஆக வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்தாங்க. பிறகு என்னைப் பார்த்தாங்க. அந்த வீட்டம்மா தரையில் புரண்டுகொண்டிருந்தது. நான் வேணாம் என்று தலையை அசைத்தேன். அக்கா வாயை மூடிக்கொண்டாங்க. திரும்பி வரும்போது, "சரி, கேக்கல. நாளைக்கி இன்னொருத்தனுக்கு அதே வலி வந்தா?" என்றாங்க. அது கார்டியனிடம் வைத்த கேள்வி. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா பி.ஏ. பாஸ் பண்ணிவிட்டாங்க. எங்கள் வரிசையில் முதல் பி.ஏ. பெரிய மேனேஜர் காதுக்கு விஷயம் போயிற்று. அந்த வருசம் மரம் நடுகிற விழாவில், "நம்ம போர்மேனோட மிசஸ் நடட்டும்" என்று சொல்லிவிட்டார். போர்மேன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"கல்யாணத்தப்பவே எங்க மாமனாருக்கு வாக்கு குடுத்தேன், உங்க பொண்ண நான் படிக்க வெக்கிறேன்னு. இன்னிக்கி அத்த நெறவேத்திட்டேன். இந்தப் படிப்பு, நான் நட்ட மரம்!"

கை தட்டல் அடங்கவில்லை. நானும் தட்டினேன். எல்லாரும் தட்டும்போது தட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது.

அக்கா அதே பழைய குழியில் கன்றை வைத்து மண் தள்ளினாங்க. போட்டோக்காரர், "இப்டி பாருங்கம்மா" என்றார். யாரோ ஒரு பூவாளியைக் கையில் கொடுத்தார்கள். அக்கா சாய்த்தாங்க. ஒன்றும் விழவில்லை. போட்டோவுக்குத்தானே என்று வெறும் பூவாளியைக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா அதைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தாங்க. பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் தேடினாங்க. கடைசி வரிசையில், சுவர் ஓரமாக நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டாங்க.

காலேஜ் முடிந்துவிட்டது. கார்டியனும் முடிந்த மாதிரிதான். என்னைக் கேட்கணும் என்று இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றாங்க. என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து, "வேணாம்மே, கும்புடறேன், வேணாம்மே" என்றார். எனக்கு நாலாவது வீடு ஞாபகம் வந்தது.

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

அக்கா மைக் பக்கம் போனாங்க. "நட்டாச்சி. நாளைலேர்ந்து தண்ணி யாரு ஊத்துவாங்க?"

பெரிய மேனேஜர் திரும்பிப் போர்மேனைப் பார்த்தார். போர்மேன் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"அவரப் பாக்காதீங்க" என்றாங்க அக்கா, மைக்கிலேயே. "நட்டது நீங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

மிக்சர் பொட்டலம் பிரிக்கிற சத்தம்கூட நின்றுபோய்விட்டது. பெரிய மேனேஜர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்த பிறகு எல்லாரும் சிரிக்கலாம் என்று ஆனது.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள், போர்மேன் ஒரு கையில் நாஷ்டா டப்பாவும் இன்னொரு கையில் பக்கெட்டுமாக கேட் பக்கம் போனாராம். யார் கண்ணிலும் படாமல் போகணும் என்று பார்த்திருக்கிறார். பக்கெட் கைப்பிடி கிரீச் கிரீச் என்று ஊரையே கூப்பிட்டிருக்கிறது.

அடுத்த வருசம் விழா வந்தபோதுதான் கம்பெனியில் ஒரு சிக்கல் ஆகிவிட்டது. பழைய குழியில் இடமில்லை. கன்று நட, அந்தக் கேட் கட்டின நாளிலிருந்து முதல் தடவையாகப் புதுக்குழி தோண்ட வேண்டியிருந்தது.